சீஹார்ஸ் கோடு கோணலாக வந்தால்: புற்றுசெல்லுக்கும் ஸ்டெம் செல்லுக்கும் அறிகுறி பார்த்துப் பிழை பிடிப்பது

சனிக்கிழமை மாலை அலைபேசி அடித்தால் எனக்கு விஷயம் தெரிந்துவிடும். "அண்ணா, மெஷின் போச்சு." போய்ப் பார்த்தால் மெஷின் நன்றாகத்தான் இருக்கும். மீடியம் (செல்லை வைக்கும் திரவம்) மாறியிருக்கும், இல்லையென்றால் பிளேட்டின் மூலையில் இருக்கும் வெல்லில் (குழியில்) யாரோ செல் போட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் பிழையே இருக்காது, அந்தச் செல்லின் குணமே அப்படி. மூன்றாவது வகைதான் ஆபத்தானது. புற்றுசெல்லையும் ஸ்டெம் செல்லையும் வைத்து வேலை செய்பவர்கள், உண்மையான முடிவைப் பிழை என்று நினைத்துத் தூக்கிப் போடுவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

உயிருள்ள செல் எவ்வளவு மூச்சு விடுகிறது, எவ்வளவு அமிலம் விடுகிறது என்று அளப்பது சீஹார்ஸ் எக்ஸ்எஃப் கருவி. இங்கே சொல்வதெல்லாம் அதன் 96 வெல் பிளேட்டுக்கு. செல் ஆக்சிஜனை எடுக்கும் வேகம் ஓசிஆர், மீடியத்தை அமிலமாக்கும் வேகம் ஈகார். வழக்கமான ஓட்டத்தில் ஒலிகோமைசின் (செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி தயாராவதை அடைப்பது), எஃப்சிசிபி (மூச்சை உச்ச வேகத்துக்குத் தள்ளுவது), ரோட்டினோனும் ஆன்டிமைசினும் கலந்தது (மைட்டோகாண்ட்ரியாவின் மூச்சுச் சங்கிலியையே நிறுத்துவது) என்ற வரிசையில் மருந்து இறங்கும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். வேகக் கோட்டை விட்டுவிட்டு லெவல் கோட்டைத் திறந்து பாருங்கள். ஆக்சிஜன் சுமார் 150 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் தொடங்கி, அளக்கும் 3 நிமிடத்தில் கொஞ்சம் இறங்கி, கலக்கும்போது திரும்ப மேலே வர வேண்டும். பிஎச் 7.4-ஐ ஒட்டித் தொடங்க வேண்டும். இந்த இரண்டும் சரியில்லை என்றால் மற்ற எந்த எண்ணையும் நம்ப வேண்டாம்.

## ஓசிஆர் தரையோடு ஒட்டிக் கிடக்கிறது

நல்ல பிளேட்டில் அடிப்படை ஓசிஆர் நிமிடத்துக்கு 20 முதல் 160 பிகோமோலுக்குள் இருக்கும். அதற்குக் கீழே போனால் இந்த வரிசையில் பாருங்கள்.

செல் இருக்கிறதா? ஓட்டம் முடிந்த பிளேட்டைக் குப்பையில் போடுவதற்கு முன் மைக்ராஸ்கோப்பில் வையுங்கள். மீடியம் மாற்றும்போது பாதிச் செல் உரிந்து போயிருக்கலாம். மீடியத்தை ஒருபோதும் முழுக்க உறிஞ்சாதீர்கள். அடியில் 20 மைக்ரோலிட்டராவது விட்டுவிட்டு, சுவரோரமாகப் புது மீடியத்தை ஊற்றுங்கள். இரண்டு தடவை செய்தால் பழைய மீடியம் போதுமான அளவு போய்விடும்.

எண்ணிக்கை போதுமா? இந்தப் பிளேட்டின் அடிப்பரப்பு சாதாரண 96 வெல் பிளேட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அங்கே போட்ட கணக்கை இங்கே கொண்டுவரக் கூடாது. புதுச் செல் வகை என்றால் 10,000, 20,000, 40,000 என்று போட்டு ஒரு ஓட்டம் பார்த்துவிடுங்கள். ஒரு பிளேட் செலவுதான், பின்னால் பத்துப் பிளேட் மிச்சம்.

மிதக்கும் செல்லா? லுக்கீமியா செல்கள் தாமாக அடியில் ஒட்டாது. பாலி-டி-லைசின் அல்லது செல்-டாக் பூசிய பிளேட்டில் போட்டு, சென்ட்ரிஃபியூஜில் மெதுவாகச் சுற்றி, பிரேக் இல்லாமல் நிற்க விடுங்கள்.

மூலை வெல்கள் காலியா? ஏ1, ஏ12, எச்1, எச்12 நான்கும் பின்னணிக்கானவை. அவற்றில் மீடியம் மட்டும்தான் இருக்க வேண்டும். மல்டிசேனல் பிப்பெட்டில் வேகமாகப் போகிறவர்கள் அவற்றிலும் செல் போட்டுவிடுவார்கள். கருவி அந்த அளவை எல்லா வெல்லிலிருந்தும் கழித்துவிடும். ஓசிஆர் மைனஸில் வந்தால் என் முதல் சந்தேகம் இதுதான்.

கார்ட்ரிட்ஜ் (சென்சாரும் மருந்துப் போர்ட்டுகளும் உள்ள மேல்தட்டு) ஊறியதா? முந்தைய இரவே காலிபிரண்ட் (சென்சாரை அளவு திருத்த உதவும் திரவம்) ஊற்றி, கார்பன் டை ஆக்சைடு இல்லாத 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்திருக்க வேண்டும். கருவியையும் முந்தைய இரவே போட்டுவிடுங்கள். காலையில் சுவிட்ச் போட்டு ஒன்பது மணிக்கு ஓட்டினால் தட்டு சூடேறியிருக்காது.

ஓசிஆர் முதல் அளவில் நன்றாக இருந்து மூன்றாவதில் சரிகிறதா? அப்படியென்றால் செல் அதிகமாக இருக்கலாம். சென்சார் கீழே இறங்கும்போது செல்லுக்கு மேல் சுமார் 2 மைக்ரோலிட்டர் மீடியம்தான் அடைபடுகிறது. நெருக்கியடித்த செல்கள் அதிலிருக்கும் ஆக்சிஜனைக் காலி செய்துவிடும். லெவல் கோடு பூஜ்யத்தை நோக்கி இறங்கினால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் தாழ்வாகவே இருக்கிறது, போட்டிருப்பது எலும்பு மஜ்ஜையிலிருந்து பிரித்த இரத்த ஸ்டெம் செல் என்றால், அது உறங்கும் செல். குறைவாகத்தான் மூச்சு விடும். இதைச் 'சரிசெய்ய' வேண்டியதில்லை. அளக்கும் எல்லைக்கு மேலே கொண்டுவர செல் எண்ணிக்கையைக் கூட்டுவதுதான் ஒரே வழி. அவ்வளவு செல் கைவசம் இல்லையென்றால் இந்தக் கருவியே இந்த வேலைக்குப் பொருந்தாது.

## ஈகார் மைனஸில் வருகிறது, அல்லது நிலையில்லாமல் ஓடுகிறது

ஏறக்குறைய எப்போதும் மீடியம்தான் காரணம். வழக்கமான டிஎம்இஎம் வளர்ப்பு மீடியத்தில் பைகார்பனேட் இருக்கிறது. அதைக் கார்பன் டை ஆக்சைடு இல்லாத இடத்தில் வைத்தால் வாயு வெளியேறி பிஎச் தானாக ஏறும். செல் அமிலம் விட விட மீடியம் காரமாகிக்கொண்டிருக்கும். பாட்டிலின் லேபிளைப் படியுங்கள். பைகார்பனேட் இல்லாததா? 37 டிகிரியில் வைத்து பிஎச் 7.4 ஆக்கினீர்களா? குளிர்ந்த மீடியத்தில் சரிசெய்த பிஎச் சூட்டில் மாறிவிடும். நான் ஒரு தடவை மூன்று வாரம் இதில் தொலைத்தேன். பாட்டில் இரண்டும் ஒரே நிறம், ஒரே அலமாரி.

பிளேட்டை ஓட்டத்துக்கு முன் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை கார்பன் டை ஆக்சைடு இல்லாத இன்குபேட்டரில் வைத்தீர்களா என்பதையும் பாருங்கள். ஹெப்பெஸ் (பிஎச் மாறாமல் பிடிக்கும் பஃபர்) 5 மில்லிமோலாருக்கு மேல் இருந்தால் ஈகார் அமுங்கித் தெரியும்.

இன்னொன்று: ஈகாரில் வருவதெல்லாம் லாக்டேட் என்று எழுதிவிடாதீர்கள். மைட்டோகாண்ட்ரியா வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரில் கரைந்து அமிலமாகிறது. நன்றாக மூச்சு விடும் செல்லில் இந்தப் பங்கு கணிசம். 'இந்தச் செல்லில் கிளைக்கோலிசிஸ் அதிகம்' (குளுக்கோஸை ஆக்சிஜன் இல்லாமலே உடைத்து ஏடிபி எடுத்து, லாக்டேட் விடுவது) என்று சொல்லப்போகிறீர்கள் என்றால், மேலே இருக்கும் மீடியத்தை எடுத்து லாக்டேட் கிட்டில் ஒரு தடவை அளந்துவிடுங்கள்.

## ஒலிகோமைசின் இறங்கியும் ஓசிஆர் அசையவில்லை

முதலில் ஈகாரைப் பாருங்கள். ஒலிகோமைசினால் ஏடிபி சிந்தேஸ் (ஏடிபியைச் செய்யும் நொதி) அடைபட்டால் பெரும்பாலான செல்கள் கிளைக்கோலிசிஸை முடுக்கிவிடும், ஈகார் எழும்.

ஓசிஆரும் அசையவில்லை, ஈகாரும் அசையவில்லை: மருந்து போய்ச் சேரவில்லை, அல்லது செத்த மருந்து. கார்ட்ரிட்ஜைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, ஏ போர்ட்டுகள் (முதல் மருந்து இருக்கும் குழிகள்) காலியா என்று பாருங்கள். கருவி காற்றழுத்தத்தில்தான் மருந்தைத் தள்ளுகிறது. ஒரே வரிசை போர்ட்டுகள் எல்லாவற்றிலும், பின்னணி வெல்கள் உட்பட, ஒரே அளவு திரவம் இருக்க வேண்டும். சிலவற்றைக் காலியாக விட்டால் காற்று அந்த வழியாகப் போய்விடும், மற்றவை சரியாக இறங்காது. நிரப்பிய பிறகு குமிழியை எடுக்கக் கார்ட்ரிட்ஜைத் தட்டாதீர்கள், மருந்து முன்கூட்டியே ஒழுகிவிடும். போர்ட் சரி என்றால் கணக்கைப் பாருங்கள். 180 மைக்ரோலிட்டர் உள்ள வெல்லில் 20 மைக்ரோலிட்டர் போனால் மருந்து பத்து மடங்கு நீர்க்கும். 1.5 மைக்ரோமோலார் வேண்டுமென்றால் போர்ட்டில் 15 இருக்க வேண்டும்.

ஈகார் எழுந்தது, ஓசிஆர் சும்மா இருக்கிறது: மருந்து வேலை செய்கிறது. இப்போது என்ன செல் என்று கேளுங்கள்.

மனித ஐபிஎஸ் செல்லோ (முதிர்ந்த செல்லைத் திருப்பி ஸ்டெம் செல் ஆக்கியது) கரு ஸ்டெம் செல்லோ என்றால் இது எதிர்பார்க்க வேண்டிய ஒன்றுதான். 2011-ல் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு இதைக் காட்டியது. இந்தச் செல்களில் மூச்சுச் சங்கிலி வேலை செய்கிறது, ஆனால் ஏடிபிக்கு அவை பெரிதும் நம்பியிருப்பது கிளைக்கோலிசிஸை. ஏடிபி சிந்தேஸ் தலைகீழாக ஓடி, கிளைக்கோலிசிஸ் தந்த ஏடிபியைச் செலவழித்து மைட்டோகாண்ட்ரியாவின் மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கவும் செய்கிறது. அப்படிப்பட்ட செல்லில் ஒலிகோமைசின் ஓசிஆரைக் கொஞ்சம்தான் தொடும். இந்த இடத்தில் மருந்தின் அளவை இரட்டிப்பாக்குவது தவறு. அதற்குப் பதில், அந்த ஐபிஎஸ் எந்தத் தோல் ஃபைப்ரோபிளாஸ்டிலிருந்து வந்ததோ அதை அதே பிளேட்டில் நான்கு வெல்லில் போடுங்கள். அதில் ஓசிஆர் நன்றாக இறங்கி ஐபிஎஸ்ஸில் இறங்கவில்லை என்றால் உங்கள் கையில் இருப்பது முடிவு.

புற்றுசெல்லில் இப்படி வந்தால் நான் அவ்வளவு சீக்கிரம் நம்ப மாட்டேன். புது மருந்து கரைத்து, சீரம் இல்லாத மீடியத்தில் இன்னொரு ஓட்டம் பார்த்த பிறகுதான் புரோட்டான் கசிவு (ஏடிபி செய்யாமலே மூச்சு வீணாவது) என்று பேசுவேன்.

## எஃப்சிசிபி போட்டும் கோடு எழவில்லை

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது.

அளவு. எஃப்சிசிபியின் விளைவு கூம்பு மாதிரி. குறைவாகப் போட்டால் எழாது, கூடினால் எழுந்து சரியும். சரியான அளவு ஒவ்வொரு செல் வகைக்கும் வேறு. 0.25, 0.5, 1, 2 மைக்ரோமோலார் என்று நான்கு அளவில் ஒரு பிளேட் கட்டாயம் ஓட்டுங்கள். செல் எண்ணிக்கையை மாற்றினால் இதையும் திரும்பப் பாருங்கள். பக்கத்து ஆய்வகத்தில் 1 மைக்ரோமோலார் போடுகிறார்கள் என்பது காரணமாகாது. முதல் அளவில் எழுந்து இரண்டாவது, மூன்றாவதில் வழுக்கி இறங்கினால் அதிகம் போட்டிருக்கிறீர்கள்.

எரிபொருள். மீடியத்தில் 10 மில்லிமோலார் குளுக்கோஸ், 2 மில்லிமோலார் குளூட்டமின், 1 மில்லிமோலார் பைருவேட் இருக்கிறதா? பைருவேட்டை மறந்த பிளேட்டில் ஆக்சிலேட்டரை மிதித்தாலும் வண்டி இழுக்காது.

உறிஞ்சிக்கொள்ளும் பொருள். சீரமோ ஆல்புமினோ மீதமிருந்தால் எஃப்சிசிபியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கொழுப்பமிலப் பரிசோதனைக்காகப் பிஎஸ்ஏ (மாட்டு ஆல்புமின்) சேர்க்கிறவர்கள் அளவைப் புதிதாகத் தேட வேண்டும்.

பழைய ஸ்டாக். வெளிச்சம் படாமல், சின்னச் சின்னக் குழாய்களாகப் பிரித்து, மைனஸ் 20-ல் வையுங்கள். திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைத்ததைத் தூக்கிப் போடுங்கள். புதுக் குழாய் விலை குறைவு, கார்ட்ரிட்ஜ் விலை அதிகம்.

ஒலிகோமைசினே தடுக்கிறது. டி98ஜி, யு-87 போன்ற கிளியோமா செல்களில் ஒலிகோமைசினுக்குப் பிறகு எஃப்சிசிபி போட்டால் உச்ச அளவு குறைத்துக் காட்டப்படுகிறது. சில வெல்களில் ஒலிகோமைசின் இடத்தில் வெறும் மீடியம் வைத்து, நேரடியாக எஃப்சிசிபி போட்டுப் பாருங்கள். அங்கே நன்றாக எழுந்தால், 'இந்தப் புற்றுசெல்லில் உபரித் திறனே (தேவைப்பட்டால் மூச்சைக் கூட்டும் திறன்) இல்லை' என்ற வாக்கியத்தை அழித்துவிடுங்கள். நானே ஒரு தடவை அழித்திருக்கிறேன்.

## ரோட்டினோன், ஆன்டிமைசினுக்குப் பிறகும் மிச்சம் நிற்கிறது

கொஞ்சம் நிற்கத்தான் செய்யும், மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியேயும் ஆக்சிஜனை எடுக்கும் நொதிகள் உண்டு. ஆனால் பாதிக்கு மேல் நின்றால் கடைசிப் போர்ட் இறங்கியதா, பின்னணி வெல்களில் குமிழி இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா வெல்லிலும் ஒரே மாதிரி மிச்சம் என்றால் பின்னணியைச் சந்தேகியுங்கள்.

## குளுக்கோஸ் போட்டதும் ஓசிஆர் இறங்குகிறது

பிழை இல்லை. குளுக்கோஸ் இல்லாமல் பட்டினியில் இருந்த புற்றுசெல்லுக்குக் குளுக்கோஸ் கொடுத்தால் மூச்சு அடங்கும். 1929-ல் கிராப்ட்ரீ எழுதிய விஷயம், அவர் பெயரிலேயே வழங்குகிறது. இதைப் பார்த்து 'மைட்டோகாண்ட்ரியா பழுது' என்று எழுதாதீர்கள். உயிர்வேதியியலாளர் வார்பர்க் அப்படித்தான் நினைத்தார், ஆனால் பெரும்பாலான புற்றுசெல்களில் மைட்டோகாண்ட்ரியா வேலை செய்கிறது. சந்தேகம் என்றால் எஃப்சிசிபி போட்டுப் பாருங்கள், எழும்.

## மைட்டோகாண்ட்ரியா தடுப்பான் போட்டும் புற்றுசெல் சாகவில்லை

இது கருவிக்கு வெளியே வரும் புகார், ஆனால் அடிக்கடி வருகிறது. மீடியத்தைப் பாருங்கள். உயர் குளுக்கோஸ் டிஎம்இஎம்மில் 25 மில்லிமோலார் குளுக்கோஸ், இரத்தத்தில் இருப்பதைப் போல ஐந்து மடங்கு. கூடவே பைருவேட்டும் இருந்தால் மூச்சுச் சங்கிலி அடைபட்ட செல்லும் தாக்குப்பிடிக்கும். குளுக்கோஸுக்குப் பதில் 10 மில்லிமோலார் கேலக்டோஸ் கொடுத்துப் பாருங்கள். கேலக்டோஸ் மெதுவாகத்தான் கிளைக்கோலிசிஸுக்குள் நுழையும், செல் மைட்டோகாண்ட்ரியாவை நம்பியாக வேண்டும். அப்புறம் எம்டிடியை (செல் உயிரோடு இருக்கிறதா என்று நிறத்தில் காட்டும் சோதனை) மட்டும் நம்பாதீர்கள். அது செல்லின் ரெடாக்ஸ் நொதிகளை வைத்து நிறம் காட்டுவது, நீங்கள் குலைப்பதும் அதே வட்டாரத்தைத்தான். செல்லை எண்ணுங்கள்.

## ஒரே மாதிரி வெல்கள், ஆளுக்கொரு எண்

விளிம்பு வெல்கள் மட்டும் வேறா? செல் போட்டதும் பிளேட்டை இன்குபேட்டருக்குள் தள்ளாமல் ஒரு மணி நேரம் அறை வெப்பத்தில் ஹூட்டிலேயே வையுங்கள், செல் சமமாக உட்காரும்.

எல்லா இடத்திலும் சிதறலா, அதுவும் ஐபிஎஸ்ஸா? செல்கள் கட்டி கட்டியாக ஒட்டி விழுவதுதான் காரணம். வழக்கமாக ஐபிஎஸ்ஸைக் கட்டிகளாகப் பிரித்துப் போடுவோம். இங்கே ஒரு வெல்லில் இரண்டு பெரிய கட்டி, பக்கத்தில் ஆறு சின்னக் கட்டி என்று விழும். அக்யூட்டேஸ் (செல்களைப் பிரிக்கும் நொதிக் கலவை) போட்டுத் தனிச் செல்லாக்கி, எண்ணி, 10 மைக்ரோமோலார் ஒய்-27632 (ராக் என்ற நொதியின் தடுப்பான்) சேர்த்துப் போடுங்கள், இல்லையென்றால் தனிச் செல்கள் செத்துவிடும். மறுநாள் அந்தத் தடுப்பானை எடுத்துவிட்டு அதற்கடுத்த நாள் அளந்தால் எனக்கு நன்றாக வருகிறது. மேட்ரிஜெலைத் (செல் ஒட்டுவதற்காகப் பூசும் ஜெல்) தடிமனாகப் பூசாதீர்கள், மெல்லிய படலம் போதும்.

## எண்ணை எதால் வகுத்தாலும் கதை மாறுகிறது

ஐபிஎஸ்ஸில் சைட்டோபிளாசம் குறைவு. அது இதயத்தசைச் செல்லாக மாறும்போது உடம்பு பெருக்கும். ஒரு செல்லுக்கு ஓசிஆர் என்று போட்டால் பிரமாதமாக ஏறும், ஒரு மைக்ரோகிராம் புரோட்டீனுக்கு என்று போட்டால் ஏற்றம் சுருங்கிவிடும். இரண்டையும் கொடுங்கள். புரோட்டீன் அளக்கும்போது ஒரு பொறி உண்டு. மேட்ரிஜெல்லே புரோட்டீன், அதையும் சேர்த்து எண்ணிவிடும். பூச்சுள்ள பிளேட்டில் ஹோக்ஸ்ட் சாயம் போட்டு டிஎன்ஏவையோ நியூக்ளியஸ் எண்ணிக்கையையோ எடுப்பதுதான் பாதுகாப்பு.

## சாயம் போட்டால் ஸ்டெம் செல்லில் மைட்டோகாண்ட்ரியாவே இல்லை

இல்லாமல் இல்லை. இரத்த ஸ்டெம் செல்லின் சவ்வில் இருக்கும் பம்புகள் மைட்டோட்ராக்கர் கிரீன் போன்ற சாயங்களை வெளியே தள்ளிவிடுகின்றன. 2017 வரை பலர் இதைப் பார்த்துத்தான் 'மைட்டோகாண்ட்ரியா குறைவு' என்று எழுதினார்கள். சாயம் இல்லாமல் அளந்தபோது நிறையவே இருந்தது. வெரபமில் (அந்தப் பம்புகளை அடைப்பது) சேர்த்து ஒரு குழாய், சேர்க்காமல் ஒரு குழாய் என்று ஓட்டுங்கள். வெரபமில் போட்டதில் வெளிச்சம் கூடினால் பம்ப்தான் காரணம். மருந்துக்கு எதிர்ப்பு வளர்த்துக்கொண்ட புற்றுசெல்லிலும் இதே கதைதான். மைட்டோகாண்ட்ரியாவின் மின்னழுத்தம் பார்க்க டிஎம்ஆர்எம் சாயம் போட்டால் எஃப்சிசிபி போட்ட குழாய் ஒன்று கட்டாயம் வேண்டும்.

## போன மாதம் வந்தது இந்த மாதம் வரவில்லை

பாசேஜ் எண் (செல்லை எத்தனை தடவை பிரித்து வளர்த்தீர்கள் என்பது), சீரம் லாட், எவ்வளவு அடர்த்தியில் செல்லை எடுத்தீர்கள் என்று நோட்டைப் புரட்டுங்கள். நெருக்கியடித்து, மீடியம் மஞ்சளாகும் வரை விட்ட செல் வேறு ஆள்.

அதில் ஒன்றும் இல்லையென்றால் மைக்கோப்ளாஸ்மா என்ற நுண்ணிய பாக்டீரியாவின் தொற்று. மீடியம் கலங்காது, கண்ணுக்குத் தெரியாது, ஆனால் செல்லின் உணவைச் சேர்ந்து தின்னும், அமிலத்தையும் விடும். பிசிஆர் செய்யுங்கள். டாப்பி சாயத்தில் நியூக்ளியஸுக்கு வெளியே புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலும் அதுதான். இருந்தால் செல்லைக் காப்பாற்ற முயலாமல் அழித்துவிட்டு, பழைய உறைந்த குழாயைச் சோதித்து எடுங்கள். அந்த மாத முடிவுகளும் போயின. வலிக்கும், வேறு வழியில்லை.

அதுவும் இல்லையென்றால் காசு செலவாகும் இடம். புற்றுசெல்லுக்கு எஸ்டிஆர் பரிசோதனை (அது அதே செல்தானா என்று டிஎன்ஏவில் பார்ப்பது), ஐபிஎஸ்ஸுக்குக் குரோமோசோம் பரிசோதனை. ஐபிஎஸ்ஸை நாள்பட வளர்த்தால் 20-ஆவது குரோமோசோமின் நீண்ட கையில் ஒரு துண்டு கூடிவிடுவது தெரிந்த சங்கதி. அந்தச் செல்கள் சாகாமல் தழைத்து மற்றவற்றை ஓரங்கட்டிவிடும். இதை வீட்டு வைத்தியமாகச் செய்ய முடியாது, அதற்கென்று இருக்கும் சைட்டோஜெனடிக்ஸ் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

## எப்போது ஆளைக் கூப்பிடுவது

லாக்டேட் குளுக்கோஸிலிருந்து வந்ததா குளூட்டமினிலிருந்து வந்ததா என்று விமர்சகர் கேட்டுவிட்டாரா? இந்தக் கருவியால் பதில் சொல்ல முடியாது. கார்பன்-13 குளுக்கோஸ் கொடுத்து மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி செய்யும் மெட்டபாலோமிக்ஸ் மையத்தைப் பிடியுங்கள். அதுவும் சோதனை செய்வதற்கு முன்பே. செல்லை எப்படி உறைய வைப்பது, எத்தனை பிளேட் என்பதெல்லாம் அவர்கள் சொல்கிறபடிதான் நடக்க வேண்டும்.

கருவிக்கான பொறியாளரைக் கூப்பிட வேண்டியது மூன்று நிலைமையில். புதுப் பெட்டியிலிருந்து எடுத்து நன்றாக ஊறிய கார்ட்ரிட்ஜும் காலிபிரேஷனில் தோற்றால். வெவ்வேறு நாள், வெவ்வேறு ஆள் ஓட்டியும் அதே வெல்கள் தொடர்ந்து கெட்டுப்போனால். இரவெல்லாம் போட்டு வைத்தும் தட்டின் வெப்பம் நிற்காவிட்டால். அதற்கு முன் செல்லே இல்லாமல், வெறும் மீடியத்தில், மருந்தும் இல்லாமல் ஒரு முழு ஓட்டம் ஓட்டி அந்தக் கோப்பைச் சேமித்து வையுங்கள். பொறியாளர் வந்ததும் முதலில் கேட்பது அதைத்தான். அது இல்லையென்றால் அவர் அதை ஓட்டுவதிலேயே அரை நாள் போய்விடும், பில்லில் அந்த அரை நாளும் ஏறும்.